பாதி பிரித்த பழைய காரை விற்பது எப்படி? ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை விற்ற அனுபவத்திலிருந்து முழுமையான வழிகாட்டி

ஷெட்டில் பாதி பிரித்த காரை வைத்துக்கொண்டு, இனி இதை நாம் முடிக்கப்போவதில்லை என்று உள்ளுக்குள் தெரிந்தும் விற்க மனம் வராமல் நாள் கடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். 1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. குரோம்பேட்டையில் அக்கா வீட்டுப் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே ஆறு வருஷம் கிடந்தது. பாடி செங்கல் மேல், சேஸ் (காரின் அடிச்சட்டம்) தனியாக, இஞ்சின் சாக்கு போர்த்தி மூலையில், கதவுகள் மாடிப்படிக்குக் கீழே. குழந்தை பிறந்தது, எனக்கு வேலை ஓசூருக்கு மாறியது, டிங்கரிங் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கண் பார்வை மங்கித் தொழிலை விட்டுவிட்டார். வண்டி அப்படியே நின்றது.

விற்பது என்று முடிவெடுத்த பிறகும் எட்டு மாதம் ஆனது. முதல் ஐந்து மாதம், "ஹெரால்டு விற்பனைக்கு, விருப்பமுள்ளவர்கள் அழைக்கவும்" என்று இரண்டு வரியும் மங்கலான மூன்று படமும் போட்டுவிட்டுக் காத்திருந்ததிலேயே போய்விட்டது. ஒழுங்காக உட்கார்ந்து தயார் செய்த பிறகு மூன்றே மாதத்தில் விற்றது. அந்த மூன்று மாதத்தில் என்ன செய்தேனோ அதுதான் இங்கே இருக்கிறது.

ஓடுகிற பழைய காரை வாங்க வருகிறவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து விலை சொல்லிவிடுவார். பிரித்துப் போட்ட காரில் ஓட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. எந்தப் பாகம் இல்லை, எது கெட்டுப்போயிருக்கிறது, பேப்பர் என் பேருக்கு மாறுமா என்ற மூன்று கேள்வியோடுதான் வருவார். பதில் தெரியாத ஒவ்வொரு இடத்திலும் மோசமானதை நினைத்துக்கொண்டு விலையைக் குறைப்பார், அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அதையேதான் செய்வோம். இந்த மூன்றுக்கும் பதிலைத் தயாராக வைத்திருப்பதுதான் மொத்த வேலையும்.

முழுசாக விற்பதா, பார்ட்ஸாக விற்பதா

முதல் வாரமே ஒருவர் போன் செய்து, "பானெட்டும் கண்ணாடியும் மட்டும் குடுப்பீங்களா?" என்று கேட்பார். நல்ல விலையும் சொல்வார். சபலம் வரும். தனித்தனியாக விற்றால் கூட்டுத்தொகை அதிகம் வரும் போலவும் தெரியும்.

ஆனால் முதலில் போவது கண்ணாடி, கிரில், மீட்டர், பம்பர் மாதிரி எல்லோருக்கும் வேண்டிய பாகங்கள்தான். அவை போனபின் மிஞ்சுவது துருப்பிடித்த தரையும் சேஸும், அதைக் காயலாங்கடைக்காரர் கிலோ கணக்கில்தான் எடுப்பார். ஹெரால்டு விஷயத்தில் எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது நம் ஊரில் செய்த கார். மதராஸில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961-லிருந்து வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் தயாரித்தது. 1968-ல் நம் நாட்டுக்கென்றே நான்கு கதவு வைத்து மார்க் 3 வந்தது, அதற்கடுத்து கெஸல் என்ற மாடல். எழுபதுகளின் பிற்பாதியில் அந்த வரிசையே நின்றுவிட்டது. புதுசாக இன்னொன்று வரப்போவதில்லை, ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) உள்ள ஒரு ஹெரால்டை உடைத்தால் ரோட்டில் ஓடக்கூடிய ஒன்று நிரந்தரமாகக் குறைகிறது. அதனால் என் கருத்து இது: ஆர்.சி.யும் சேஸும் ஒன்றாக இருந்தால் முழுசாக விற்கப் பாருங்கள். பேப்பரே இல்லை, சேஸும் இற்றுப்போய்விட்டது என்றால் பார்ட்ஸாகக் கொடுங்கள், அப்போது அந்தப் பாகங்கள் வேறு இரண்டு வண்டியைப் பிழைக்கவைக்கும்.

பேப்பர் வேலையை முதலில் முடியுங்கள்

நான் இதைக் கடைசிக்குத் தள்ளினேன். நல்ல ஆள் ஒருவர் வந்து, வண்டியைப் பார்த்துப் பிடித்துப்போய், "ஆர்.சி. எங்க சார்?" என்று கேட்டபோது என்னிடம் இருந்தது மடிப்பில் கிழிந்த ஜெராக்ஸ். அவர் திரும்ப வரவில்லை.

உங்கள் ஆர்.சி.யை எடுத்து வையுங்கள். அதிலுள்ள சேஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளவையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். நாற்பது ஐம்பது வருஷ வண்டிகளில் நடுவில் யாராவது வேறு இஞ்சினை இறக்கியிருப்பார்கள், அது ஆர்.சி.யில் ஏறியிருக்காது. பெயிண்ட் உரிக்கும்போது நம்பர் தகட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு மறந்தவர்களும் உண்டு, உடனே தேடி எடுங்கள். நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு சேஸ் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறவருக்கு அதைக் காட்டினாலே பாதி சந்தேகம் போய்விடும்.

ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது என்பது அடுத்தது. பலருக்கு அது முந்தைய ஓனர் பேரிலோ, இறந்துபோன தாத்தா பேரிலோ இருக்கும். ஓனர் இறந்திருந்தால் வாரிசு பேருக்கு மாற்ற ஃபார்ம் 31 போட வேண்டும், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீஸில் பதிவு செய்துவிட்டு ஃபார்ம் 26 போட்டு டூப்ளிகேட் எடுக்க வேண்டும். பழைய கடன் ஏதாவது ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால் அதை நீக்க ஃபார்ம் 35. இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கிற வேலை, அதனால்தான் விளம்பரம் போடும் முன்பே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மதராஸ் நம்பர் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வாகன் என்கிற அரசு வண்டிப் பதிவுக் கம்ப்யூட்டரில் அந்த வண்டி ஏறியே இருக்காது. வாங்குகிறவர் போனில் நம்பரைத் தட்டிப் பார்ப்பார், ஒன்றும் வராது, போலி வண்டி என்று நினைத்துவிடுவார். பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அசல் ஆர்.சி.யைக் காட்டி, பழைய பதிவேட்டிலிருந்து விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நான் மூன்று முறை நேரில் போனேன். ஏறிய பிறகு அந்த ஸ்கிரீனைப் படம் எடுத்து விளம்பரத்தில் சேர்த்தேன், அதற்குப் பிறகு வந்த போன்களின் தரமே மாறிவிட்டது.

பதிவு காலாவதி ஆகியிருந்தால் மறைக்காதீர்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஃபார்ம் 25 போட்டு வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிரித்துப் போட்ட காரைக் காட்ட முடியாது. ஆகவே புதுப்பிக்கும் வேலை வாங்குகிறவர் தலையில்தான் விழும். 15 வருஷம் தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ஆனது, தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. இந்தக் கணக்கை நீங்களே ஆர்.டி.ஓ.வில் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், வாங்குகிறவர் மனதில் கற்பனை செய்கிற தொகை எப்போதும் நிஜத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

50 வருஷம் தாண்டிய கார் என்றால் வின்டேஜ் பதிவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதைச் சேர்த்தார்கள். அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம், புதுப் பதிவுக்கு வி.ஏ. வரிசை நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் என்ன பயன் என்றால், உங்கள் காரில் அசல் இஞ்சின் இருந்தால் அது வெறும் பெருமை இல்லை, காசு. ஹெரால்டின் 948 சி.சி. இஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு மாருதி இஞ்சின் போட்டால் சுலபம் என்று எனக்கு எத்தனையோ பேர் சொன்னார்கள். நல்லவேளை, கேட்கவில்லை.

சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் கூட்டுங்கள்

சோம்பல் படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான், பணம் வருவதும் இதில்தான். ரேடியேட்டர் ஒரு கடையில், டைனமோ இன்னொரு எலக்ட்ரீஷியனிடம், குரோம் பூசக் கொடுத்த பம்பர் எங்கேயோ. எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள், பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டு எடுத்துவாருங்கள். நான் சீட் தைக்கக் கொடுத்த கடை இரண்டு வருஷம் முன்பே மூடிவிட்டது. முன்சீட் ஃபிரேம் இரண்டும் போயே போய்விட்டது. அதை அப்படியே "இல்லை" பட்டியலில் எழுதினேன்.

எல்லாம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினேன். கார் இருந்தால் எப்படி இருக்குமோ அந்த வரிசையில், முன்பக்க லைட் முன்னாடி, டிக்கி பூட்டு பின்னாடி, கதவுச் சாமான் இரு பக்கமும். அப்படிப் பரப்பினால்தான் எது இல்லை என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் ஜன்னல் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி, அதை மாட்டுகிற ஊசி, ஸ்பிரிங் எல்லாம் இருந்தன. பிரிக்கும்போது அந்தப் பெரியவர் ஒவ்வொன்றையும் தினத்தந்தித் தாளில் பொட்டலம் கட்டி, பொட்டலத்தின் மேல் கார்பென்டர் பென்சிலில் "இடது கதவு மேல்", "வலது கதவு கீழ்" என்று எழுதியிருந்தார். எழுத்து மங்கியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. அந்தப் பொட்டலங்களைப் பிரிக்காமல் அப்படியே ஜிப் கவருக்குள் போட்டேன்.

பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி, பகுதி வாரியாகப் போட்டு, மூடியில் நம்பர் எழுதுங்கள். டப்பா 1 முன் சஸ்பென்ஷன், டப்பா 2 பிரேக், இப்படி. எனக்குப் பதினான்கு டப்பா வந்தது. ஒவ்வொன்றையும் திறந்து மேலிருந்து ஒரு படம். இந்தப் படங்களும் டப்பா பட்டியலும்தான் வாங்கியவரை ஊர் விட்டு ஊர் வரவைத்தது என்று அவரே பிறகு சொன்னார்.

இல்லாத பாகங்களுக்கு எங்கே கிடைக்கும் என்பதையும் முடிந்தவரை எழுதுங்கள். சென்னையில் பழைய பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தால் சில எலக்ட்ரிக்கல் சாமான் கிடைக்கும். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இன்னமும் நிறையப் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ரப்பர், புஷ், பிரேக் சாமான் எல்லாம் வரவழைக்கலாம், கப்பல் செலவும் கஸ்டம்ஸும் சேரும். நம் ஊர் ஹெரால்டில் சில சாமான் வேறு மாதிரி என்பதால் அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடவே கூடாது

விற்கும் முன் பெயிண்ட் அடிக்காதீர்கள். பட்டி போட்டு மேலே பிரைமர் அடித்துப் பளபளப்பாக்கினால் விலை ஏறும் என்று ஷெட்டில் சொல்வார்கள். பழைய கார் தெரிந்தவர் புது பிரைமரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, உள்ளே என்ன மறைக்கிறீர்கள் என்பதுதான். துரு துருவாகவே தெரியட்டும். வெல்டிங் பாதியில் நின்றிருந்தால் அப்படியே விடுங்கள், மேற்கொண்டு துரு ஏறாமல் மட்டும் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

செய்ய வேண்டியது சக்கரத்தில் உருள வைப்பது. செங்கல் மேல் நிற்கிற காருக்கும் நான்கு சக்கரத்தில் தள்ளினால் நகர்கிற காருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வரும், ஏனென்றால் ஏற்றி இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோவது வாங்குகிறவரின் முதல் கவலை. நான் சேஸில் சஸ்பென்ஷனைப் பூட்டி, பழைய டயர் நான்கு மாட்டி, பாடியை மேலே வைத்து நாலு போல்ட் மட்டும் முறுக்கினேன். ஹெரால்டில் சேஸ் தனி, பாடி தனி, போல்ட் போட்டுச் சேர்க்கிற கார் என்பதால் இது முடிந்தது. அம்பாசிடர், பத்மினி மாதிரி பாடியே சேஸாக இருக்கிற கார்களில் கீழ்ப் பகுதி இற்றுப்போயிருந்தால் ஜாக்கி வைக்கும் முன்பே யோசியுங்கள்.

அடுத்தது இஞ்சின். ஓடவைக்க வேண்டியதில்லை, ஜாம் ஆகவில்லை என்று காட்டினால் போதும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் நீள ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் அதைப் பத்து விநாடி வீடியோ எடுங்கள். திரும்பவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், "இஞ்சின் ஜாம்" என்று எழுதிவிடுங்கள்.

சுத்தம் செய்யுங்கள். எலிக்கூடு, குளவிக்கூடு எல்லாம் இருக்கும், கையை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். என் காரின் டிக்கியில் பாம்புச் சட்டை கிடந்தது.

குறைகளை நீங்களே எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பகுதியாக எழுதினேன்: முடிந்த வேலை, பாதியில் நிற்கும் வேலை, தொடாத வேலை. முடிந்த வேலைக்கு பில் இருந்தால் சேர்த்துப் பின் பண்ணுங்கள். இஞ்சின் சிலிண்டரை உள்ளே கடைந்து (போர் போட்டு), லேத்தில் கிராங்க் அரைத்திருந்தால் எந்த அளவுக்கு என்று எழுதுங்கள், அடுத்த ஆள் பேரிங் வாங்க அந்த அளவுதான் வேண்டும். பில் இல்லையென்றால் பில் இல்லை என்றே சொல்லுங்கள்.

குறை எழுதும்போது இடம் குறிப்பிடுங்கள். "கொஞ்சம் துரு" என்று எழுதுவதில் பயனில்லை. "ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அகல ஓட்டை, டிக்கித் தரை இடது மூலை இற்றுப்போயிருக்கிறது, சேஸின் பக்கக் கைகளில் இரண்டு மாற்ற வேண்டும், இரண்டு புதிதாக வெல்டு செய்தது" என்று எழுதினேன். குறை சொன்னால் விலை குறையும் என்று பயந்துதான் எழுதினேன், ஆனால் நடந்தது வேறு. நான் எழுதிய குறைகள் எல்லாம் நேரில் அப்படியே இருந்ததால், எழுதாத இடத்தில் குறை இல்லை என்று வந்தவர் நம்பினார்.

விலை

இதுதான் வலிக்கிற இடம். நான் வண்டியை 70,000 ரூபாய்க்கு வாங்கி, ஆறு வருஷத்தில் 2,30,000 செலவு செய்திருந்தேன். மூன்று லட்சம் கைவிட்டுப் போயிருக்கிறது, அதற்குக் குறைத்து எப்படி விற்பது என்றுதான் முதல் ஐந்து மாதம் மூன்றேகால் லட்சம் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. நாம் செய்த செலவு நம் கதை. வாங்குகிறவர் கணக்கு இனிமேல் ஆகப்போகிற செலவு.

அவர் கணக்கை நீங்களே போடுங்கள். இதே மாடலில் ஓடுகிற, பேப்பர் சரியாக உள்ள கார் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று நாலைந்து பேரிடம் விசாரியுங்கள், விளம்பரத்தில் கேட்கிற விலை அல்ல, கை மாறிய விலை. அதிலிருந்து மிச்ச டிங்கரிங், பெயிண்ட், வயரிங், சீட், டயர், பேப்பர் செலவு எல்லாவற்றையும் கழியுங்கள். டிங்கரிங் எப்போதும் சொன்ன தொகையில் முடிவதில்லை, அதனால் அதற்கு ஒன்றரை மடங்கு போடுங்கள். அப்புறம் அவருடைய அலைச்சலுக்கும் துணிச்சலுக்கும் ஒரு தொகை கழிக்க வேண்டும். எனக்கு 1,50,000-க்குக் கொஞ்சம் மேலே வந்தது. 1,90,000 கேட்டேன், 1,60,000-க்குப் போனது.

மனதுக்குள் கடைசி விலை ஒன்றை முன்பே முடிவு செய்து வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள். பேரம் நடக்கும் நேரத்தில் முடிவெடுத்தால் ஒன்று அவசரப்பட்டு இறங்குவோம், இல்லையென்றால் வீம்புக்கு நல்ல ஆளை விட்டுவிடுவோம்.

படமும் விளம்பரமும்

காலை வெயிலில் வண்டியை வெளியே தள்ளி எடுங்கள். நான்கு பக்கம், அடிப்பகுதி, பானெட் திறந்து ஒன்று (ஹெரால்டின் பானெட் முன்பக்கமாகச் சாய்ந்து முழுசாகத் திறக்கும், அந்த ஒரு படத்தைப் பார்த்தே நிறையப் பேர் போன் செய்தார்கள்), துரு உள்ள ஒவ்வொரு இடமும், டப்பாக்கள். ஆர்.சி. படம் போட்டால் பேரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள், சேஸ் நம்பரின் கடைசி இலக்கங்களையும்.

விளம்பரத்தில் முதல் வரியிலேயே நிலைமை தெரிய வேண்டும். என் விளம்பரம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு, பிரித்த நிலையில், ஓடாது. சக்கரத்தில் உருளும். அசல் 948 இஞ்சின், கையால் திரும்புகிறது. ஆர்.சி. என் பேரில், நம்பர்கள் பொருந்தும், பதிவு புதுப்பிக்க வேண்டும். பாடி வெல்டிங் பாதி முடிந்தது. முன்சீட் ஃபிரேம், ஒரு ஹெட்லைட் வளையம், பின் பம்பர் இல்லை. 14 டப்பா பாகங்கள், பட்டியல் கேட்டால் அனுப்புகிறேன். வண்டி குரோம்பேட்டையில். விலை 1,90,000. பார்ட்ஸ் தனியாகக் கொடுப்பதில்லை." ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக்கில் உள்ள பழைய கார் குழுக்கள், வாட்ஸ்அப் குழுக்கள் என்று போட்டேன். கூடவே ஹெரால்டு வைத்திருக்கிறவர்களைத் தேடிப் பிடித்து நேராக அனுப்பினேன், வாங்கியவர் அந்த வழியில்தான் வந்தார். பழைய கார் வேலை செய்கிற மெக்கானிக்குகளிடமும் சொல்லி வையுங்கள், ஆள் கொண்டுவந்தால் என்ன கொடுப்பீர்கள் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

ஆள் வரும்போது

"கடைசி விலை என்ன?" என்று மட்டும் மெசேஜ் அனுப்புகிறவருக்கு, "வந்து பாருங்கள், நேரில் பேசலாம்" என்பதோடு நிறுத்துங்கள். சேஸ் நம்பர் பற்றிக் கேட்கிறவர், கீழ்ப்பக்கம் படம் கேட்கிறவர், இவர்கள்தான் வாங்குகிறவர்கள். வண்டியைப் பார்க்காமலே முழுப் பணமும் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று ஒருவர் சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. எனக்கு அப்படி இரண்டு அழைப்பு வந்தது.

வாங்கியவர் திருச்சியிலிருந்து வந்தார், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையில் துணி சுற்றிய காந்தம் ஒன்று வைத்திருந்தார். பேசாமல் பாடியைச் சுற்றி அதை வைத்துவைத்து நகர்ந்தார், பட்டி உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவும். அப்புறம் கார்ட்போர்டு அட்டை போட்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டார். ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்து லிங்க்கின் அடி, ட்ரன்னியன் என்கிற பித்தளைத் தாங்கி ஒன்றில் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். அதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் விட வேண்டும், வறண்டு துருப்பிடித்தால் ஓடும்போதே லிங்க் உடைந்து சக்கரம் படுத்துவிடும். கையை வெளியே எடுத்து விரலை மோந்து பார்த்தார். "ஆயில் விட்டிருக்கீங்க தம்பி" என்றார். அது ஒன்றுதான் நான் ஆறு வருஷமும் விடாமல் செய்த வேலை.

பார்க்க வருகிறவரை அவசரப்படுத்தாதீர்கள், கூடவே நின்று பேசிக்கொண்டும் இருக்காதீர்கள். தாளைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். அவர் மூன்று மணி நேரம் இருந்தார், கடைசி அரை மணியில்தான் விலை பேசினோம்.

அட்வான்ஸ், எழுத்து, பேர் மாற்றம்

அட்வான்ஸ் வாங்கினால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் மிச்சம் கொடுத்து வண்டியை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகை ஷெட்டில் வண்டி நின்றால் தேதி தாண்டிய பிறகு வாடகை யார் தருவது என்பதும் அதில் இருக்கட்டும். பணம் பேங்க் வழியாகவே வரட்டும், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

விற்பனை ஒப்பந்தத்தில் சேஸ் நம்பர், இஞ்சின் நம்பர், "பிரித்த நிலையில், உள்ளது உள்ளபடி" என்ற வார்த்தை, குறைப் பட்டியல், டப்பா பட்டியல், ஒப்படைத்த தேதியும் நேரமும் எல்லாம் வர வேண்டும். விற்றதைத் தெரிவிக்கிற ஃபார்ம் 29 இரண்டு பிரதி, பேர் மாற்றக் கேட்கிற ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும், வெற்று ஃபார்மில் போடாதீர்கள், பேரும் தேதியும் நிரப்பிய பிறகு போடுங்கள். விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். வெளி மாநிலம் என்றால் ஃபார்ம் 28 போட்டு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுக்க வேண்டும்.

பதிவு காலாவதியான வண்டியில் பேர் மாற்றம் உடனே நடக்காமல் போகலாம். அப்போதும் விற்றுவிட்டேன் என்ற தகவலை ஃபார்ம் 29-ஓடு ஆர்.டி.ஓ.வில் கொடுத்து, முத்திரை போட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து நஷ்ட ஈடு அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாங்கள் ஒப்பந்தத்தில், பேர் மாறும் வரை வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தோம். அவர் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஏற்றி அனுப்புவது

கட்டி இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள், பிளாட்பெட் வண்டி வரட்டும். கதவுகளையும் கண்ணாடியையும் போர்வை சுற்றித் தனி டாடா ஏஸில் அனுப்பினோம். ஒவ்வொரு டப்பாவும் ஏறும்போது பட்டியலில் அவர் டிக் அடித்தார், கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம். என்னிடம் இருந்த ஒர்க்‌ஷாப் மேனுவல் ஜெராக்ஸ், பிரிக்கும்போது எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள், எந்த வேலைக்கு யாரிடம் போனேன் என்ற போன் நம்பர்கள் எல்லாம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். படங்களைக் கொடுக்க மறக்காதீர்கள், பிரித்தவர் ஒருவர், பூட்டப்போகிறவர் இன்னொருவர்.

ஏற்றிப் போன பிறகும் ஒரு மாதம் வீட்டைத் தேடுங்கள், எதுவோ ஒன்று கிடைக்கும். எனக்கு மூன்று வாரம் கழித்துப் பரணில் ஒரு பொட்டலம் கிடைத்தது. அதே தினத்தந்தித் தாள், அதே கார்பென்டர் பென்சில், "டிக்கி கீல், வலது". திருச்சிக்கு கூரியரில் அனுப்பிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். இரண்டு நாளாக அதைத்தான் டப்பா டப்பாவாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்றார்.